பெருங்குடல் திறப்பு அறுவை

பெருங்குடல் திறப்பு அறுவை அல்லது கொலஸ்டமி என்பது பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து, மலம் வெளியேற மாற்று வழி அமைக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். வயிற்றின் மேல் அமையும் திறப்பு ஸ்டோமா எனப்படும். இது வாயின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. மலத்தை அடக்கும் சுருக்குத்தசை இதில் இல்லை. எனவே வயிற்றில் ஒட்டும் பை ஒன்றை அணிய வேண்டும். சிறுகுடலை வெளிக்கொணரும் இலியோஸ்டமி இதனின்று வேறுபட்டது.

வகைகள்

பெருங்குடலின் எப்பகுதி திறக்கப்படுகிறது என்பதே மலத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. குடல் நெடுகிலும் நீர் உறிஞ்சப்படுவதால், ஏறுகுடல் திறப்பில் மலம் நீர்த்தும், குறுக்குக்குடல் திறப்பில் கூழாகவும், இறங்குகுடல், நெளிகுடல் திறப்புகளில் ஏறத்தாழ இயல்பாகவும் வெளியேறும். நெளிகுடல் திறப்பே பரவலாகச் செய்யப்படுகிறது.

அமைப்பின்படி, குடலை முற்றிலும் துண்டித்து மேல்முனையை மட்டும் வெளியில் தைப்பது முனைத் திறப்பு ஆகும். குடலைத் துண்டிக்காமல் வளையமாக வெளியே இழுத்து அதன் முன்சுவரை வெட்டித் திறப்பது வளையத் திறப்பு. இரு முனைகளையும் தனித்தனியே வெளிக்கொணர்வது இரட்டைக்குழல் திறப்பு.

முனைத் திறப்பு என்றாலே நிரந்தரம் என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. 1921 இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி ஆர்ட்மன் விளக்கிய முறையில், நோயுற்ற பகுதி அகற்றப்பட்டு, மலக்குடலின் எஞ்சிய பகுதி மூடப்பட்டு, முனைத் திறப்பு வைக்கப்படுகிறது. உடல் தேறிய பின் இரு முனைகளையும் மீண்டும் இணைக்க இயலும். எனினும் முதுமை, பிற நோய்கள் காரணமாகப் பலருக்கு இவ்விணைப்பு நடைபெறுவதில்லை. மாறாக, 1908 இல் எர்னசுட்டு மைல்சு விளக்கிய, மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து அகற்றும் அறுவைக்குப் பின் திறப்பு நிரந்தரமானதே.

காரணங்கள்

மலக்குடல், பெருங்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, குடற்பையழற்சியால் ஏற்படும் துளை, நெளிகுடல் முறுக்கு, விபத்துக் காயங்கள் ஆகியன முதன்மைக் காரணங்கள். துளை விழுந்து வயிற்றறையில் மலம் கசிந்த நிலையில் குடலை உடனே இணைத்தால் தையல் பிரியும் இடர் மிகுதி. அந்நிலையில் திறப்பு உயிர்காக்கும் வழியாகிறது.

குழந்தைகளில் ஆசனவாய் இன்மை, குடலின் கடைப்பகுதியில் நரம்பணுத்திரள்கள் இல்லாத இர்சுப்ரங் நோய் ஆகியவற்றுக்குச் செய்யப்படுகிறது. பிரான்சின் பிரெஸ்ட் நகரில் 1793 இல் டியூரே என்பவர் ஆசனவாய் இன்றிப் பிறந்த குழந்தைக்கு இவ்வறுவையைச் செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. மயக்கமருந்து புழக்கத்திற்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சிக்கல்கள்

தோல் புண், திறப்பை ஒட்டிய குடலிறக்கம், குடல் வெளித்தள்ளல், உள்வாங்கல் ஆகியன ஏற்படலாம். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் குருதியோட்டம் தடைப்பட்டிருக்கக்கூடும். உடனே மருத்துவரை அணுக வேண்டும்.