அன்றாட உடலியக்கம், நல்லுணவு, தளராத ஊக்கம்: கடலோரக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

நீரிழிவு நோயும் உயர் இரத்த அழுத்தமும் மாத்திரையால் மட்டும் முழுமையாகக் கட்டுப்படுபவை அல்ல. மருந்து ஒரு பக்கத் துடுப்பு என்றால், உடலியக்கமும் உணவும் மறுபக்கத் துடுப்பு. ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும் என்பது கடலோர மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த பெரியபட்டினத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நோயாளிகளையும், அவர்களைப் பராமரிப்போரையும் மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஏன் இது முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோயும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. 2024-இல் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று கணித்தது. பெண்களில் இது 57 விழுக்காடு. ஆண்களில் 42 விழுக்காடு.

இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வேலையைத் தடுப்பதும் இல்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று இருக்கும் ஆண்டுகளிலேயே கண், சிறுநீரகம், இதயம், மூளை, கால் நரம்புகள் ஆகியவை மெல்லப் பாதிக்கப்படுகின்றன. எனவே உடலில் தொல்லை இல்லாத காலமே செயல்பட வேண்டிய காலம்.

எவ்வளவு உடலியக்கம் தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி:

• வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். நாளொன்றுக்கு 30 நிமிடங்கள் வீதம் ஐந்து நாள்கள் நடந்தால் குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும்.
• வாரத்தில் இரண்டு நாள்களேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி தேவை. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது எளிய தொடக்கம்.
• 65 வயதைக் கடந்தோர், தடுமாறி விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள்கள் செய்ய வேண்டும்.

"மிதமான" வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். பேசவே மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

முப்பது நிமிடங்களையும் ஒரே முறையில் நடக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். உணவுக்குப் பின் நடப்பது இரத்தச் சர்க்கரை திடீரென உயர்வதைக் குறைக்கிறது என்பதால், நீரிழிவு நோயாளிகளுக்கு இம்முறையே கூடுதல் பயன் தரும்.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் பலரைத் தொடங்கும் முன்பே சோர்வடையச் செய்கிறது. அந்த எண்ணிக்கை மருத்துவ நூலில் பிறந்ததன்று. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவியது. ஏறத்தாழ 7,000 அடிகளிலேயே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடுகிறது என்று 2025-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. இப்போது 2,000 அடிகள் நடப்பவர் 3,000 அடிகள் நடந்தாலும் அது முன்னேற்றமே.

கடல் தொழிலும் உடலியக்கமும்

"வலை இழுப்பதைவிட வேறு உடற்பயிற்சி வேண்டுமா?" என்ற கேள்வி நியாயமானது. கடலுக்குச் செல்லும் நாள்களில் உடலுக்குப் போதிய உழைப்பு கிடைக்கிறது. ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. புயல் எச்சரிக்கை நாள்களும் உண்டு. இந்நாள்களில் உழைப்பு நின்றுவிடுகிறது. சோற்றின் அளவு மட்டும் கடலுக்குப் போன நாளின் அளவிலேயே தொடர்கிறது. தடைக்காலத்தில் நடைப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்வதும், சோற்றின் அளவைக் குறைப்பதும் சேர்ந்தே நடைபெற வேண்டும். வெளிநாட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியோருக்கும் இது பொருந்தும்.

வெளியில் நடக்க வாய்ப்பில்லாத பெண்கள் மொட்டை மாடியிலோ வீட்டு முற்றத்திலோ நடக்கலாம். கோடையில் காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் நடப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டினுள்ளேயே நின்ற இடத்தில் நடக்கலாம்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கீழ்க்கண்டோர் மருத்துவரைக் கலந்த பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்: அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர்கள், இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் தோன்றுபவர்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை சர்க்கரை தாழ்வின் அறிகுறிகள். உடனே அமர்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடங்களில் சரியாகாவிட்டால் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

பாதங்களைக் காப்பது

கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடப்பது உடலுக்கு நல்லது என்று கருதுவோர் உண்டு. நீரிழிவு நோயாளிகளுக்கு இது ஆபத்தானது. கால் நரம்பின் உணர்வு குறைந்தவருக்குச் சிப்பி கீறியதும், சீமைக்கருவேல முள் தைத்ததும், நண்பகல் மணல் சுட்டதும் தெரிவதில்லை. தெரிய வரும்போது புண் ஆழமாகியிருக்கும். கவனிக்கப்படாத சிறு புண்ணே சில வேளைகளில் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்கிறது.

• வீட்டினுள்ளும் வெளியிலும் காலணி அணியுங்கள். அணியும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.
• இரவில் பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியையோ பேரப்பிள்ளையின் கண்களையோ பயன்படுத்தலாம்.
• புண்ணின் மீது சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் வைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உணவுத் தட்டு

தட்டின் பாதியைக் காய்களும் கீரையும், கால் பகுதியை மீன், முட்டை, பருப்பு போன்றவையும், மீதிக் கால் பகுதியை மட்டும் சோறும் நிரப்பட்டும். நம் தட்டுகளில் வழக்கமாகச் சோறு கடலாகவும் காய் தீவாகவும் இருக்கும். அதை மெல்ல மாற்றினால் போதும்.

மீன்: இக்கரையில் எளிதில் கிடைக்கும் சூடை, நெத்தலி, காரல் போன்ற சிறு மீன்கள் விலை உயர்ந்த மீன்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. முள்ளோடு மென்று உண்ணத்தக்க சிறு மீன்கள் சுண்ணாம்புச் சத்தும் தரும். குழம்பாகவோ அவித்தோ உண்பது பொரிப்பதைவிட நல்லது.

உப்பு: உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு; அதாவது ஒரு சமதளத் தேக்கரண்டி. சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்ந்தே இந்த அளவு. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் நம் மாவட்டத்து வாலிநோக்கத்தில்தான் உள்ளது என்றாலும், அதனை நாமே தின்று தீர்க்க வேண்டிய கடமை இல்லை. இரத்த அழுத்தம் உள்ளோர் கருவாட்டை அன்றாட உணவாக்காமல் எப்போதாவது சிறிதளவு உண்ணலாம். பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனி உப்புச் சேர்க்காமல் சமைக்க வேண்டும். கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தக் கூடாது.

கருப்பட்டியும் பதநீரும்: "சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டி மருந்து" என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கருப்பட்டியில் சிறிது தாதுச் சத்துகள் உண்டு. எனினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும். பதநீர், கீழக்கரைத் தொதல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். பனங்கிழங்கு நார்ச்சத்து மிக்கது. ஆனால் மாவுச்சத்தும் உள்ளதால், உண்ணும் நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும்.

சிறுதானியம்: குதிரைவாலியில் நார்ச்சத்து அதிகம். சோற்றுக்கு மாற்றாக அளவோடு உண்டால் பயன் தரும். "சிறுதானியம்தானே" என்று இருமடங்கு உண்டால் பயன் கிடைக்காது.

விருந்து: திருமணம், சந்தனக்கூடு, பெருநாள், பொங்கல் ஆகிய நாள்களில் பிரியாணியை முற்றிலும் மறுக்க வேண்டியதில்லை. முதலில் காயும் கறியும், பின்னர் ஒரு கரண்டிச் சோறு, இனிப்பில் ஒரு துண்டு, பிறகு பதினைந்து நிமிட நடை என வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

நோன்புக் காலம்

நீரிழிவு நோயாளிகள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே மருத்துவரைச் சந்தித்து, நோன்பு நோற்பது பாதுகாப்பானதா என்று கேட்டு, மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும், உடல்நலம் குன்றினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோன்பு திறக்கையில் தண்ணீர், ஓரிரு பேரீச்சம்பழம், கஞ்சி ஆகியவை போதும். வடையும் சமோசாவும் அளவோடு இருக்கட்டும். தராவீஹ் தொழுகையும் உடலியக்கமாகவே கணக்கில் சேரும்.

ஊக்கம் குன்றாமல் இருக்க

நல்ல பழக்கங்களுக்குப் பெரும் பகை "நாளை முதல்" என்ற சொல்லே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எனவே ஒரு நாள் தவறினால் குற்ற உணர்வு வேண்டாம். இரண்டாம் நாள் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு கட்டுங்கள். "ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும்", "கோவிலுக்குப் போய் வரும்போது", "மாலைத் தேநீருக்கு முன்" என நேரத்தை உறுதி செய்யுங்கள்.
• துணையோடு நடங்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது போர்வைக்குள் ஒளிவது கடினம்.
• எடையை மட்டும் அளவுகோலாக்காதீர்கள். படியேறுகையில் மூச்சிரைப்புக் குறைவது, நல்ல உறக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவையும் வெற்றிகளே.
• சிரித்துக்கொள்ளுங்கள். புதுக் காலணி வாங்கி, மூன்றாம் நாள் அது வாசலில் ஓய்வெடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதே. தன் தவறைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவர் மறுநாள் மீண்டும் தொடங்குகிறார்.

தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு இருந்தால் அது சோம்பல் அன்று, மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

வீட்டில் நகைச்சுவை இருக்கட்டும், கேலி வேண்டாம். நோயாளியோடு சேர்ந்து சிரிப்பது ஊக்கம் தரும். அவருடைய உடற்பருமனையும் உணவு ஆசையையும் பிறர் முன் நகையாடுவது மறைத்து உண்ணும் பழக்கத்தையே வளர்க்கும். ஒருவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு வைக்காமல், வீடு முழுவதற்கும் உப்பை மெல்லக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். "நடந்தீர்களா?" என்று விசாரிப்பதைவிட "வாங்க, நடந்துவிட்டு வரலாம்" என்று அழைப்பது பயனளிக்கும். பராமரிப்பவரும் தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?
கூடாது. மருந்தும் பழக்கமும் சேர்ந்தே அந்த அளவைத் தந்துள்ளன. மருந்தைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூட்டு வலியோடு நடக்கலாமா?
சமதளத்தில், குறைந்த நேரத்தில் தொடங்கலாம். அமர்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி தொடைத் தசையை வலுவாக்கி மூட்டின் சுமையைக் குறைக்கும். வீக்கம் இருந்தால் பரிசோதனை தேவை.

உடனே உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சு வலி அல்லது இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கடும் மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது.

அரசின் சேவைகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைகளும் மருந்துகளும் கட்டணமின்றிக் கிடைக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகாது.