கோலார் தங்கவயலில் உடைமையும் ஆட்சியும்

‘ஆட்சி’ என்னும் பெயர் ‘ஆள்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அரசு செலுத்துதல், உடைமையாகக் கொள்ளுதல், பயன்படுத்துதல் ஆகிய பொருள்கள் இவ்வினைக்கு உண்டு. சொல்லாட்சி, கையாளுதல் முதலிய வழக்குகள் இதற்குச் சான்றாகும். உடையவன் ஆளுதலும் அரசு ஆளுதலும் ஒரு சொல்லால் குறிக்கப்பெறினும், அவை ஒன்றல்ல. திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் தனித்தனி அதிகாரங்களில் பேசுகிறது. குடிகளின் குறையை ஆராய்ந்து முறை செய்தலை ஆட்சியின் இலக்கணமாக்குகிறது. உடைமை மட்டுமே ஆட்சியாக நின்ற ஒரு சமுதாயம் எதனை நாடிற்று என்பதைக் கோலார் தங்கவயலின் வரலாறு விளக்கும்.

மைசூர் அரசிடமிருந்து 1875இல் மைக்கேல் லவேல் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் கால்கொண்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் கோரமண்டல், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் முதலிய இடங்களில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். கூலி, குடியிருப்பு, மருத்துவம், காவல் யாவும் கம்பெனியின் பொறுப்பிலேயே இருந்தன. வேலை போயின் வீடும் போகும் நிலை.

அரசு இதற்கு அப்பால் நிற்கவில்லை. தங்க உற்பத்தியில் நூற்றுக்கு 5 பங்கு அதற்கு உரிமைத் தொகையாகக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இயற்றிய சுரங்கச் சட்டத்தின்படி, தங்கம் கலந்த பொருளை வைத்திருந்தவரே அதனை நேர்வழியில் பெற்றதாக மெய்ப்பிக்க வேண்டும். 1881இல் திவான் ரங்காச்சார்லு நிறுவிய மைசூர்ப் பிரதிநிதிகள் சபையில் நிலவுடைமையாளரும் வணிகரும் இடம்பெற்றனர். சுரங்கத் தொழிலாளிக்கு அங்கு இடமில்லை. இவ்வாறு, அரசின் சட்டம் தொழிலாளியை எட்டிற்று. அவனது முறையீடு அரசை எட்டவில்லை.

இதன் விளைவு 1930 ஏப்ரலில் வெளிப்பட்டது. தொழிலாளர் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டுமென்னும் விதியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அது ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் மைசூருக்குப் பொருந்தாமையின், முறையான சங்கமோ பேச்சாளரோ அவர்களுக்கு இல்லை. முறையிடும் வழி அற்ற இடத்தில் வேலையை நிறுத்துவதே முறையீடாயிற்று எனலாம். மைசூர் அரசு 1941, 1942ஆம் ஆண்டுகளில் இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் சங்கங்களுக்கு ஏற்பளித்தன. 1952 பொதுத்தேர்தலில் சுரங்கத் தொழிலாளியும் வாக்காளனானான்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் பொறுப்பில் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. உடைமையாளர் மாறியபோதும் வேலையும் குடியிருப்பும் மருத்துவமனையும் ஒரே உடைமையில் பிணைந்திருந்த அமைப்பு மாறவில்லை. ஆகவே 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது மூன்றும் ஒருங்கே ஆட்டங்கண்டன.

எனினும் 1930க்கும் 2001க்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னைய காலத்தில் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. சட்டமன்றத்திலும் தங்கவயலுக்கு உறுப்பினர் இருந்தார். அவ்வழிகள் சுரங்கத்தைக் காக்கவில்லை. ஆயினும் ஆள்வோர் மறுமொழி கூற வேண்டிய கட்டாயத்தை அவை உண்டாக்கின. ஒழுங்கைக் கம்பெனியும் நிலைநாட்டும். கேள்விக்கு உட்படும் அதிகாரம் வேண்டியே சமுதாயம் அரசை நாடுகிறது.