வூஜோவின் மதிலும் துறவியரின் கைகளும்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகருக்குத் தெற்கே, வூஜோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கல்மதில் சூழ்ந்த திராட்சத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் குளோ த வூஜோ. ‘குளோ’ என்பது மதிலடைத்த நிலத்தைக் குறிக்கும். பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 125 ஏக்கர். இங்கு விளையும் சிவப்புத் திராட்சரசம் நல்ல ஆண்டுகளில் இருபது முப்பது ஆண்டுகள் புட்டியிலே கிடந்து முதிரும் தன்மையுடையது. ரசத்தின் சுவையை ஆராய்வது நமது நோக்கமன்று. தம் கையால் உழைத்து எளிமையாய் வாழ்வோம் என்று புறப்பட்ட ஒரு துறவியர் கூட்டம் பெரும் நிலக்கிழாராக மாறியது எவ்வாறு என்பதற்கு இம்மதில் ஒரு சாட்சியாய் நிற்கிறது. அதுவே நம் கவனத்துக்குரியது.

1098-ஆம் ஆண்டில் மோலெம் மடத்தலைவரான ராபர்ட் இருபதுக்குச் சற்று மேற்பட்ட துறவிகளோடு சீத்தோ என்னும் சதுப்பு நிலத்திற் குடியேறினார். பெனடிக்டின் ஒழுங்குமுறையைக் குறைவின்றிக் கைக்கொள்ளுதலே அவர்களது நோக்கம். அவ்வொழுங்கு கைத்தொழிலைத் துறவியின் கடமையாக விதித்தது. நாளொன்றுக்குச் சிறிதளவு திராட்சரசத்தையும், சற்றுத் தயக்கத்துடனே, அனுமதித்தது. பிறர் உழைப்பில் வரும் குத்தகையும் தசமபாகமும் வேண்டாம் என்று சீத்தோவார் மறுத்தனர். சில ஆண்டுகளுக்குப்பின் பெர்னார்டு தம் உறவினரும் நண்பருமாகிய சுமார் முப்பது பேருடன் வந்து சேரவே, சிஸ்டர்சியன் சபை விரைவிற் பரவலாயிற்று.

திருவிருந்துக்கும் விருந்தோம்பலுக்கும் ரசம் தேவை. சதுப்பிலோ திராட்சை செழிக்காது. ஆகவே, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிலுள்ள பிரபுக்கள் வூஜோவின் சுண்ணாம்புக்கற் சரிவில் தானமாக அளித்த துண்டு நிலங்களைத் துறவியர் ஏற்றனர். தானத்தைத் தொடர்ந்து விலைக்கும் வாங்கினர், பரிவர்த்தனையும் செய்தனர். 1336-க்குள் மதில் முழுமையாயிற்று. ஏசாயா ஐந்தாம் அதிகாரத்துத் தோட்டக்காரனைப்போல் இவர்களும் கல் பொறுக்கி, வேலியடைத்து, ஆலை நாட்டினர். அப்பெரும் மர ஆலைகள் இன்றும் அங்கே காணக் கிடைக்கின்றன.

ஆனால் உழைத்த கைகள் யாருடையவை? இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ஆராதனைக் கடமைகள் நிறைந்த துறவியர் தூரத்துப் பண்ணைகளில் நாள் முழுதும் பாடுபட இயலவில்லை. எனவே ‘பணிச் சகோதரர்’ என்னும் வேறொரு வரிசையைச் சபையார் ஏற்படுத்தினர். இவர்களும் பொருத்தனை செய்தவர்களே. எனினும் ஆலயத்தில் இவர்களுக்குத் தனி இடம். தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் குரலில்லை. எழுத்தறிவு பெறுவதற்கும் தடை. கர்த்தர் கற்பித்த ஜெபம், விசுவாசப் பிரமாணம் போன்ற சிலவற்றை மனப்பாடமாய்க் கற்றால் போதும் எனப்பட்டது. எளிமையின் புகழ் மடத்துக்கு. முதுகொடிய உழைப்பு இவர்களுக்கு! இவர்களை வெறும் அடிமைகள் என்பதும் நேர்மையாகாது; அக்கால ஏழைக் குடியானவனுக்கு மடத்தின் கூரையும் உணவும் சகோதரன் என்ற பெயரும் சிறிய காரியமல்ல.

மற்றொன்று. 1132-இல் இரண்டாம் இன்னொசென்ட் போப்பு, சிஸ்டர்சியர் தாமே பயிரிடும் நிலத்துக்குத் தசமபாகம் வேண்டுவதில்லை என்று சலுகை அளித்தார். முன்பு தசமபாகம் வாங்க மறுத்தவர்கள் இப்போது கொடுக்கவும் வேண்டாதவராயினர். நிலம் மடத்துக்குக் கைமாறுந்தோறும் உள்ளூர்க் குருமாரின் வருவாய் குறைந்தது, முறையீடுகள் பெருகின. 1215-இன் லாத்தரன் பேரவை, புதிதாய்ச் சேர்க்கும் நிலங்களுக்கு இச்சலுகையை மட்டுப்படுத்தியது. பதினான்காம் நூற்றாண்டிற் பணிச் சகோதரர் தொகை அருகவே, சபையின் பண்ணைகள் பல குத்தகைக்குப் போயின. தொடக்கத்தில் மறுத்த குத்தகைப் பணம் இவ்வாறு வாசலால் நுழைந்தது. 1551-இல் மடத்தலைவர் லுவாசியே தோட்டத்தின் நடுவே ஒரு மாளிகையும் எழுப்பினார்.

பிரெஞ்சுப் புரட்சி திருச்சபைச் சொத்துக்களைத் தேசவுடைமையாக்கியது. 1791-இல் தோட்டம் ஏலத்தில் விற்கப்பட்டது. கடைசிப் பண்டகசாலைத் துறவியான கோப்லேயைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் காத்து வைத்திருந்த பழைய ரசத்தை நெப்போலியன் கேட்டனுப்ப, நாற்பது ஆண்டு முதிர்ந்தது தம்மிடம் உண்டென்றும், அவ்வளவு ஆவலானால் அவரே வந்து அருந்தட்டும் என்றும் விடை சொன்னாராம். கதை மெய்யோ பொய்யோ, சொத்தை இழந்த துறவியின் மிடுக்கு அதில் தெரிகிறது.

1889-இல் தோட்டம் பலருக்குப் பங்கிடப்பட்டது. இன்று உரிமையாளர் எண்பதின்மர் அளவில் உள்ளனர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே. மேற்சரிவில் நீர் எளிதில் வடியும். சாலையோரத் தாழ்நிலம் களிமண் மிகுந்தது. துறவியர் காலத்தில் பல பகுதிகளின் ரசத்தையும் கலந்து சமன்செய்ய முடிந்தது. இப்போது மேட்டு ரசமும் பள்ளத்து ரசமும் ஒரே பெயரோடு சந்தைக்கு வருகின்றன. நீண்டகாலம் முதிரக்கூடியது எது என்பதை அறிய வாங்குகிறவர் விளைவித்தவரின் பெயரைப் பார்த்தாக வேண்டும்.

மாளிகையை 1944-இல் திராட்சரசச் சுவைஞர் கழகம் ஒன்று வாங்கியது. சீத்தோவுக்கோ 1898-இல் துறவியர் திரும்பி வந்தனர். தோட்டம் அவர்களிடம் மீளவில்லை. அவர்கள் பசுக்களை வளர்த்து, 1925 முதல் பாலாடைக்கட்டி செய்து விற்றுத் தம் கைகளின் பிரயாசத்தால் பிழைக்கலாயினர்.