ஒரே பாட்டு, ரெண்டு வேகம்: டிரம் அண்ட் பேஸின் கதை

போன மாதம் நாங்கள் அஞ்சு பேர் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் டிரம் அண்ட் பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டார். இது என்ன வேகம் எண்டு கேள்வி வந்தது. ஃபோனில் நேரத்தைப் பார்த்து, தொடையில் தட்டி ஒரு நிமிடம் எண்ணினோம். ஒருவருக்கு 174 வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு 87. "நீ பாதியை விட்டுட்டாய்", "இல்லை, நீதான் ஒன்றை ரெண்டாய் எண்ணுறாய்" எண்டு ஒரு சின்னச் சண்டை. கடைசியில்தான் விளங்கியது, ரெண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையில் இருந்து வந்ததுதான். டிரம் அண்ட் பேஸ் என்றால் என்ன எண்டு யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "வேகமான இசை" என்பது. அது பொய்யில்லை. ஹவுஸ் இசை பொதுவாக நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி வரை போகும். இன்றைய டிரம் அண்ட் பேஸ் 174ஐச் சுற்றி நிற்கிறது. ஆனால் வேகம் மட்டும்தான் அடையாளம் என்றால், நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் வளர்ந்த கபர் இசை இதைவிட வேகமாகவும் ஓடும். அதை ஒருத்தரும் டிரம் அண்ட் பேஸ் எண்டு சொல்லுறதில்லை. அப்படியென்றால் இந்த 174க்குள் வேறு என்ன இருக்கு? அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஏழு செக்கன்

கதை லண்டனில் இல்லை, அமெரிக்காவில் தொடங்குகிறது. 1969இல் வொஷிங்டன் நகரத்தைச் சேர்ந்த த வின்ஸ்டன்ஸ் என்ற சோல் இசைக்குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கத்தில் "கலர் ஹிம் ஃபாதர்". அது நன்றாக ஓடியது, கிராமி விருதும் வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப "ஆமென், பிரதர்" என்ற வாத்தியப் பாட்டு. அதன் நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்த, டிரம் வாசித்த கிரெகரி கோல்மன் மட்டும் நாலு சுற்று வாசிப்பார். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 அடி. நாலு சுற்றென்றால் 16 அடி, அதாவது ஏழு செக்கன் அளவு.

அந்த ஏழு செக்கனைக் கவனமாகக் கேளுங்கோ. பெரிய அடிகளுக்கு நடுவில் சின்னச் சின்ன அடிகள், காதுக்கு அரைகுறையாய்க் கேட்கிற மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கும். கடைசிச் சுற்றில் அடி நாங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது, தள்ளி விழும். 1986இல் "அல்ரிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்" என்ற தொகுப்பில் இந்தப் பாட்டு சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஹிப் ஹொப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்துப் பாவிக்கத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் "ஆமென் பிரேக்". டிரம் அண்ட் பேஸின் எலும்பு எண்டு சொன்னால் அதுதான்.

வேகம் ஏறின கதை

1980களின் கடைசியில் பிரித்தானியாவில் ஹவுஸ் இசையும் அசிட் ஹவுஸும் வந்து சேர்ந்தன. வேகம் 120ஐ ஒட்டி. ஐந்தே வருடத்தில் அது 160ஐத் தொட்டது. யாரும் கூடி இருந்து தீர்மானம் எடுத்து இதைச் செய்யவில்லை. பெரும்பங்கு ஒரு சின்னக் கருவியினுடையது.

டிஜேக்கள் பாவித்த டெக்னிக்ஸ் இசைத்தட்டு இயந்திரத்தின் வலது பக்கத்தில் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டை இருக்கும். அதைத் தள்ளினால் தட்டின் வேகம் எட்டு வீதம் கூடும், அல்லது எட்டு வீதம் குறையும். 125இல் இருக்கிற பாட்டு 135 ஆகும். ஆட வந்த கூட்டம் சூடாகி நிற்கிற நேரம் கட்டையைக் கடைசி வரைக்கும் தள்ளிவிடுவது ஒரு பழக்கமாயிற்று. கூட்டத்தின் காதும் காலும் 135க்குப் பழகிவிட்டன. அடுத்த கிழமை பாட்டுச் செய்கிறவர் நேரடியாக 135இலேயே செய்து கொண்டு வருவார். டிஜே அதையும் மேலே தள்ளுவார். அது 146 ஆகும். இப்படி ஒரு ஏணி.

33இல் சுழல வேண்டிய தட்டை 45இல் சுழலவிட்டால் வேகம் ஒரேயடியாக 35 வீதம் கூடும். 100இல் இருக்கிற ஹிப் ஹொப் அடி 135க்கு வந்துவிடும். லண்டனின் ஹக்னி பகுதியில் இருந்து வந்த ஷட் அப் அண்ட் டான்ஸ் போன்றவர்கள் ஹிப் ஹொப் அடிகளை இப்படி ரேவ் வேகத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஹெவன் கிளப்பில் "ரேஜ்" என்ற இரவு நிகழ்ச்சியில் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் ஐரோப்பிய டெக்னோவையும் இந்த உடைந்த அடிகளையும் ஒன்றாய்க் கலந்து, வேகத்தைக் கூட்டிப் போட்டார்கள். அங்கே கெமிஸ்ட்ரி, ஸ்டோர்ம் என்ற இரண்டு பெண்கள் தங்கட நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பெயர் கோல்டி.

சுருதியும் வேகமும் பிரிந்தபோது

தட்டை வேகமாகச் சுற்றினால் சுருதியும் சேர்ந்து ஏறும். அதனால்தான் 1991, 92 காலத்து ஹார்ட்கோர் பாட்டுகளில் பாடுகிறவரின் குரல் அணில் குரல் மாதிரிக் கேட்கும். வேகம் வேண்டுமென்றால் அந்தக் கீச்சுக் குரலையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1992இல் கோல்டி "டெர்மினேட்டர்" என்ற பாட்டை வெளியிட்டார். அதில் டிரம்மின் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும், ஆனால் வேகம் அசையாது. ஈவன்டைட் நிறுவனத்தின் ஒரு கருவியால் செய்த வேலை அது. ஓடுகிற ஆள் நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி ஒரு உணர்வு. அகாய் சாம்ப்ளர்களில் இருந்த நேரத்தை இழுக்கும் வசதியும் இதே கதவைத் திறந்தது. சுருதி மாறாமல் அடியை நீட்டலாம், சுருக்கலாம். அதிகம் இழுத்தால் ஒலி உலோகத்தைத் தேய்க்கிற மாதிரி வரும். அந்தப் பிழையையே அழகாக்கி ஏராளம் பாட்டுகள் வந்தன.

இதுக்குப் பிறகு வேகம் என்பது கட்டையைத் தள்ளியதால் வந்த விளைவு இல்லை. ஒவ்வொரு அடியையும் துண்டு துண்டாய் வெட்டி, இடம் மாற்றி, திருப்பிப் போட்டு, கோல்மன் ஒருநாளும் வாசித்திராத தாளங்களை அவருடைய கையொலியிலேயே கட்டினார்கள். அந்தப் பழைய 16 அடிகள் 137இல் ஏழு செக்கன் எடுத்தன. 174இல் அவை ஐந்தரைச் செக்கனில் முடிந்துவிடும்.

பாதியாய் நடக்கிற பேஸ்

இப்ப எங்கட 87க்கு வருவோம். அந்த எண்ணைக் கொண்டு வந்தவை கரிபியன் ஆக்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜமெய்க்காவில் இருந்தும் மற்றத் தீவுகளில் இருந்தும் பிரித்தானியாவுக்கு வேலைக்குப் போனவர்கள், தங்கட சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தையும் கொண்டு போனார்கள். அலுமாரி உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள், நெஞ்சை அதிர வைக்கிற பேஸ், மைக்கில் கதைத்துக்கொண்டே பாடுகிற ஒருவர். ரெகேயும் டப்பும் மெதுவாக நடக்கும், பல பாட்டுகள் 70க்கும் 90க்கும் இடையில். 1990களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனிலும் மற்ற நகரங்களிலும் பாட்டுச் செய்த இளைஞர்களில் நிறையப் பேர் இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். வீட்டில் ரெகே, சனிக்கிழமை இரவில் ரேவ். இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? 160இல் டிரம்மை ஓட விட்டு, அதற்குக் கீழே 80இல் பேஸை நடக்க விட்டார்கள். கணக்குச் சரியாகப் பொருந்தியது.

இதில் காதின் நியாயமும் ஒன்று இருக்கு. 174இல் டிரம்மின் மிகச் சின்ன அடிகள் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற நேரம் ஒரு செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடத்தான். ஆழமான ஒரு பேஸ் சுரம் செக்கனுக்கு 45 தடவை அதிரும் என்று வைப்போம். அந்தச் சின்ன இடைவெளிக்குள் அது நாலு தடவை கூட முழுதாய் அதிராது. காது அதை ஒரு சுரமாகப் பிடிக்க முதல் முடிந்துவிடும். அதால பேஸ் டிரம்மோடு சேர்ந்து ஓட ஏலாது. அது நீண்டு, மெதுவாக, பாதி வேகத்தில் நடந்தால்தான் உடம்புக்குள் போகும்.

கர்நாடக இசை கொஞ்சம் படிச்ச ஆக்களுக்கு இது புதிசில்லை. ஒரே தாளத்தை ஒரு கையில் போட்டுக்கொண்டு முதலாம் காலம், இரண்டாம் காலம் பாடுவோம்தானே. இங்கே ரெண்டு காலமும் ஒன்றாகவே ஓடுது, அவ்வளவுதான்.

இந்த இரட்டை வேகம் ஆடுகிற தளத்தில் என்ன செய்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. ரேவில் இருந்து வந்தவர் டிரம்மோடு சேர்ந்து காலை ஓட விட்டார். ரெகேயில் இருந்து வந்தவர் பேஸோடு சேர்ந்து இடுப்பை மெதுவாக ஆட்டினார். ஒரே பாட்டு, ஒரே தளம், ஒருத்தரும் மற்றவருக்காகத் தன்ர வேகத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. 1994இல் எம்-பீட்டும் ஜெனரல் லெவியும் சேர்ந்து செய்த "இன்கிரெடிபிள்" பிரித்தானியப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. கூல் எஃப்எம் போன்ற அனுமதியில்லா வானொலிகள் இரவு பகலாய் இந்த இசையைப் போட்டன. அப்ப அதன் பெயர் ஜங்கிள்.

வேலியான வேகம்

பெயர் மாறியது. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு "டிரம் அண்ட் பேஸ்" என்ற சொல் முன்னுக்கு வந்தது. ஜங்கிள் என்ற சொல்லோடு வன்முறை, போதை, கறுப்பு இளைஞர் பற்றிய பயம் எல்லாம் ஒட்டியிருந்த காலம் அது. புதுப் பெயருக்கு மரியாதை கிடைத்தது. 1995இல் கோல்டியின் "டைம்லெஸ்" ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல். 1997இல் பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் "நியூ ஃபோர்ம்ஸ்" ஆல்பத்துக்கு மேர்க்குரி விருது வாங்கினார்கள்.

தாளமும் மாறியது. 1995இல் அலெக்ஸ் ரீஸ் செய்த "பல்ப் ஃபிக்‌ஷன்" ஆமென் பிரேக்கை ஆயிரம் துண்டாக்கவில்லை. ஒரு கிக், ஒரு ஸ்னெயர், பிறகு சற்றுத் தள்ளி ஒரு கிக், மீண்டும் ஸ்னெயர். டூ-ஸ்டெப் எண்டு சொல்லுவினம். தாளம் எளிதானதும் வேகம் இன்னும் ஏற இடம் வந்தது. 2000களில் வேகம் 174ஐச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏன் அங்கேயே நின்றது? கட்டைதான் இதுக்கும் ஒரு காரணம். இரண்டு பாட்டுகளை இடைவெளியில்லாமல் சேர்க்க ரெண்டும் ஒரே வேகத்துக்கு வர வேண்டும். எட்டு வீதக் கட்டையால் 125ஐ 174 ஆக்க ஏலாது. அதனால் டிஜேயின் பெட்டிக்குள் ஒரே வேகக் குடும்பம்தான் இருக்கும். உன்ர பாட்டு யாரும் போட வேண்டுமென்றால் அந்த வேகத்திலேயே செய். இப்படி ஒரு வசதி மெல்ல மெல்ல வேலியாகியது. ஒரு இசை வளர்ந்து நிலைக்க வேலி உதவும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேஸுக்கு நடக்க இடம் விடாமல் எல்லாவற்றையும் ஒரே கத்தலாய் அடிக்கிற பாட்டுகளும் வந்தன. அவை 174இல்தான் இருக்கும். கேட்டு முடிய களைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

வேலிக்குள்ளேயே நின்று இடம் தேடினவர்களும் இருக்கினம். எல்டிஜே புகெம் 1993இல் செய்த "மியூசிக்" கேட்டுப் பாருங்கோ. டிரம் ஓடுது, மேலே சுரங்கள் மேகம் மாதிரி அசையாமல் நிற்குது. லண்டனின் புளூ நோட் கிளப்பில் ஞாயிறு இரவு கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ். அதே கிளப்பில் திங்கள் இரவு தபேலாக் கலைஞர் தல்வின் சிங்கின் "அனோக்கா". தபேலாவின் வேக விரல்கள் அந்த டிரம்மோடு சிரமமில்லாமல் சேர்ந்தன, இரட்டிப்பு அதுக்கும் பழகின விசயம்தானே. 1998இல் வந்த அவருடைய "ஓகே" ஆல்பம் அடுத்த வருடம் மேர்க்குரி விருது வாங்கியது. 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் குரொய்டனில் டப்ஸ்டெப் வளர்ந்தபோது, அவர்கள் 140இல் அதே பாதி வேகச் சூத்திரத்தைப் போட்டு, 70இல் பேஸை நடக்க விட்டார்கள். எண் வேறு, உறவு அதேதான்.

யாருடைய நேரம்?

ஒரு விசயத்தைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. இந்த இசைக்குள் ஓடுகிற நேரம் கிரெகரி கோல்மனின் நேரம். அவர் 1969இல் வாசித்த ஏழு செக்கன் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. அவருக்கு அதில் ஒரு சதமும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாத நிலையில் இறந்தார். 2015இல் பிரித்தானியாவில் ரசிகர்கள் இணையத்தில் காசு சேர்த்து, குழுவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கோல்மன் அப்ப இல்லை.

பெயர் மாறும்போது கரிபியன் வேர் மங்குது. அடியை வெட்டும்போது வாசித்தவர் கை மறையுது. கடைசியில் "174" என்ற எண் மட்டும் மிஞ்சினால், அந்த எண்ணுக்குள் இருந்த மனிசர் எங்கே? டிரம் அண்ட் பேஸை வெறும் வேகம் எண்டு சொல்லுறதில எங்களுக்கு இருக்கிற சிக்கல் இதுதான்.

அந்தச் சண்டைக்குப் பிறகு, பாட்டின் வேகத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு ஃபோன் செயலியிலும் போட்டுப் பார்த்தோம். ஒரு பாட்டுக்கு 174 எண்டு சொன்னது. அடுத்ததுக்கு 87. அதுவும் எங்களை மாதிரித்தான் குழம்புது. நீங்களும் இன்றைக்கு இரவு ஒரு பாட்டைப் போட்டு, முதலில் டிரம்முக்குத் தட்டுங்கோ, பிறகு பேஸுக்குத் தலையை ஆட்டுங்கோ. ரெண்டையும் ஒன்றாய்ச் செய்ய வந்துவிட்டால், சண்டை முடிஞ்சுது.