தொல்விலங்கு நாணயங்கள்: திருச்சிப் படிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

மனித வரலாறு தொடங்குமுன்பே அற்றுப்போன ஒரு விலங்கின் உருவத்தைத் தாங்கி, அரசின் ஆணையோடும் முகமதிப்போடும் வெளிவருவதை இங்கே தொல்விலங்கு நாணயம் என்கிறோம். ஆணையும் முகமதிப்பும் இல்லாதது பதக்கம்; எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் ஆய்வுக்குள் வராது. நாணயத்திலும் இரு பிரிவு உண்டு. கடைத்தெருவில் கைமாறுவது புழக்க நாணயம். முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்போருக்கென்றே விற்பது சேகரிப்பு நாணயம். தொல்விலங்கு நாணயங்களில் பெரும்பாலானவை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

2. உருவ வகைகள்

உருவத்தைக் கொண்டு இவற்றை மூன்றாகப் பகுக்கலாம். சதையும் தோலும் போர்த்தி விலங்கை உயிரோடு காட்டுவது உயிருரு. எலும்புக்கூட்டைக் காட்டுவது எலும்புரு. பாறையில் கிடைத்த புதைபடிவத்தை உள்ளது உள்ளபடி காட்டுவது படிவுரு.

ஆஸ்திரியா 2019 முதல் 2022 வரை வெளியிட்ட, இருளில் ஒளிரும் 12 மூன்று யூரோ நாணயங்கள் முதல் வகையின. கனடா 2012இல் வெளியிட்ட 25 சென்ட் நாணயம் முதலிரு வகைகளையும் ஒன்றாக்கியது. பகலில் பார்த்தால் பாக்கிரைனோசாரஸ் என்னும் கொம்பன் டைனோசர் நிற்கும். விளக்கை அணைத்தால் அதன் எலும்புக்கூடு மட்டும் ஒளிரும். அந்த இனத்தின் எலும்புப் படுகையை அல்பெர்ட்டாவில் கண்டுபிடித்தவர் அல் லகுஸ்டா என்னும் பள்ளி ஆசிரியர். பேரினப் பெயரை அடுத்து வரும் இனப்பெயரும் அவர் பெயரால் அமைந்ததே.

இங்கிலாந்து 2020இல் வெளியிட்ட மூன்று 50 பென்ஸ் நாணயங்களை நாம் தனித்து மதிக்கிறோம். மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் ஆகிய மூன்றையும் வைத்தே 1842இல் ரிச்சர்டு ஓவன் டைனோசர் என்னும் தொகுதியை வகுத்தார். நாணயத்தில் விலங்கின் பெயரோடு, அதை முதலில் விவரித்த அறிஞரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன: மெகலோசாரஸுக்கு பக்லண்டு, 1824. உருவம் எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்பதை நாணயமே சொல்லிவிடுகிறது.

3. ஆதாரம் என்னும் அளவுகோல்

பாறையிலிருந்து அச்சுவரை வரும் நிலைகள் ஐந்து: கண்டெடுப்பு, விவரிப்பு, மீட்டுருவாக்க ஓவியம், அச்சு வெட்டல், வெற்று வில்லையில் அடித்தல். முதலிரண்டு நிலைகள் தளர்ந்திருந்தால் பின்னைய மூன்றும் வெறும் கைவேலையாகிவிடும். ஆகவே நாம் கொள்ளும் விதி இது: ஒரு விலங்கு நாணயமேற வேண்டுமானால், அதன் வகைமாதிரி, அதாவது பெயரிடுவதற்கு அடிப்படையான மூலப் படிவம், நன்கு விவரிக்கப்பட்டிருக்க வேண்டும், மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க படிவங்களும் இருக்க வேண்டும்.

4. திருச்சிப் படிவுகள்

பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்கில் கிரெட்டேசியக் காலக் கடல் பரவியிருந்தது. அது விட்டுச்சென்ற அடுக்குகளை எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இந்தப் பகுப்பே இன்றும் அடிப்படை. அதற்கும் முன்னரே, கேயும் கன்லிஃபும் திரட்டிய தென்னிந்தியப் படிவங்களை 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்திருந்தார். பின்னர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இப்பகுதியின் உயிரினங்களைப் பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். 1874இல் லடாக் பயணத்தில் இறந்தபோது அவருக்கு வயது 36.

இங்கிருந்து நாணயத்துக்கு இரு விலங்குகள் போட்டியிடுகின்றன.

ஒன்று, அரியலூர் மாவட்டம் கல்லமேட்டின் பிருஹத்காயோசாரஸ். 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட இந்த டைனோசரின் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியுள்ளது. உலகின் மிகப்பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆயினும் அகழ்ந்தெடுத்த எலும்புகள் பொடிந்துபோயின. எஞ்சியவை ஒளிப்படங்களும் கோட்டோவியங்களும். முதலில் ஊனுண்ணி என்றும், பின்னர் நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்றும் கருதப்பட்டது. நம் விதிப்படி, வருத்தத்தோடுதான், இதை ஒதுக்குகிறோம்.

மற்றொன்று அம்மனைட்டு, கணவாயின் தொல்லுறவு. ஸ்டோலிச்கா விவரித்த ஓர் இனத்தை அடிப்படையாகக் கொண்டு 1956இல் வகுக்கப்பட்ட ஒரு பேரினம் ஊட்டத்தூரின் பெயராலேயே ஊட்டத்தூரிசெராஸ் எனப்படுகிறது. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். வடிவப் பொருத்தமும் இதற்கே கூடுதல். நாணயப் புடைப்பு மிக ஆழமற்றது. பருத்த உடலை அதில் தட்டையாக்கியே காட்ட முடியும். அம்மனைட்டு ஓடோ பெரும்பாலும் ஒரே தளத்தில் சுருள்வது. விலா வரிகள் ஒவ்வொன்றையும் குறையாமல் அச்சில் கொண்டுவரலாம்.

ஸ்ரீரங்கத்தாருக்கு இச்சுருள் புதிதன்று. வைணவ இல்லங்களில் திருமஞ்சனம் காணும் சாளக்கிராமங்கள் பலவற்றில் தெரியும் சக்கரம், கண்டகி ஆற்றுப் பகுதியின் ஜுராசிக் கால அம்மனைட்டு பதித்த சுவடு. திருமாலாகப் போற்றிக் காத்ததனால் தலைமுறை தலைமுறையாகப் பழுதின்றி நிற்கும் படிவங்கள் அவை. இந்த வழிபாட்டைத் தொல்லுயிரியலாரும் நன்றியோடு நினைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

5. பரிந்துரை

இந்தியா 1951இல் புவியியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்கு ஸ்டெகோடான் என்னும் தொல்யானையை 2 அணா அஞ்சல்தலையில் வெளியிட்டது. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் நினைவு நாணயம் வெளியானது. கல்லமேடு உள்ள அதே அரியலூர் மாவட்டம். இனி அம்மனைட்டின் முறை. உயிருரு வேண்டாம், படிவுருவே போதும். ஓட்டின் கீழ் ஊட்டத்தூர் என்னும் பெயரும் ஸ்டோலிச்காவின் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 1000 ரூபாய் வரை எந்த முகமதிப்பிலும் நாணயம் வெளியிட இடமளிக்கிறது. மாணவர் கைக்கும் எட்டும்படி, 10 ரூபாய்ப் புழக்க நாணயமாகவே இதை வெளியிடுமாறு நடுவண் நிதி அமைச்சகத்தை வேண்டுகிறோம்.