அன்ப்ளக்டு மேடையும் ராக் இசையின் முன்னோரும்

மின் கிதாரை ஓரங்கட்டிவிட்டு அக்கூஸ்டிக் கிதாருடன் உட்கார்ந்து பாடிய நேரடிக் கச்சேரி ஆல்பங்கள் 1990களின் முற்பகுதியில் ராக் உலகில் அடுத்தடுத்து வெளிவந்தன. இரைச்சல் அடங்கியதால் பாடலின் அசல் முகம் தெரிந்தது என்பதே இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அந்த ஆல்பங்களின் பாடல் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒலியைவிடப் பாடல் தேர்வில்தான் பெரிய மாற்றம் நடந்திருப்பது புலப்படும். தாங்கள் யாருடைய இசையிலிருந்து கிளைத்தோம் என்பதை ராக் கலைஞர்கள் வெளிப்படையாகச் சொல்ல இந்த மேடை இடம் கொடுத்தது. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில், சோனி நிறுவனத்தின் ஸ்டுடியோவில் நிர்வாணா குழு வாசித்த கச்சேரியே அந்தப் போக்கின் உச்சம் என்பேன்.

1990 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரோகடெரோ அரங்கில் டெஸ்லா குழு பதிவுசெய்த 'ஃபைவ் மேன் அக்கூஸ்டிகல் ஜாம்' ஆல்பத்திலேயே இதன் தொடக்கம் தெரிகிறது. அதன் தலைப்பு, 'ஃபைவ் மேன் எலெக்ட்ரிகல் பேண்ட்' என்ற கனடியக் குழுவின் பெயரைத் தழுவியது. அந்தக் குழுவின் 'சைன்ஸ்' பாடல் டெஸ்லாவின் குரலில் மறுபடி பிரபலமானது. எம்டிவியின் 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சி 1989இல் தொடங்கியிருந்தது. 1991இல் அதில் பாடிய பால் மெக்கார்ட்னி, தாம் 14 வயதில் எழுதிய முதல் பாடலையும் பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களையும் தேர்ந்தெடுத்தார். 1992 ஜனவரியில் எரிக் கிளாப்டன் வாசித்த கச்சேரி 'டியர்ஸ் இன் ஹெவன்' பாடலுக்காகவே நினைவுகூரப்படுகிறது. அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியோ ராபர்ட் ஜான்சன், பிக் பில் ப்ரூன்ஸி போன்றோர் வழிவந்த ப்ளூஸ் பாடல்கள்.

மெக்கார்ட்னியும் கிளாப்டனும் நெடுங்காலப் புகழுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தவர்கள். நிர்வாணா தன் புகழின் நடுவிலேயே அதைச் செய்தது. ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 பிறருடையவை. குழுவை உலகறியச் செய்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பட்டியலிலேயே இல்லை. ஸ்காட்லாந்தின் வேசலைன்ஸ் குழுவின் பாடலுக்கு நிர்வாணாவின் பேஸ் கலைஞர் நோவோசெலிக் அக்கார்டியனை எடுக்க, டிரம்ஸை விட்டுவந்த டிரம்மர் க்ரோல் பேஸ் வாசிக்கிறார். மீட் பப்பெட்ஸ் குழுவின் கிர்க்வுட் சகோதரர்கள் மேடையேறியதும், அவர்களுடைய 3 பாடல்களிலும் நிர்வாணாவின் பாடகரும் கிதார் கலைஞருமான கர்ட் கோபேன் கிதாரைத் தொடாமல் பாட மட்டும் செய்கிறார். தன் கச்சேரியில் வாத்தியத்தைப் பிறரிடம் விட்டுக்கொடுத்த இந்தப் பணிவு எனக்கு ஆல்பத்தின் மிகப் பெரிய செயலாகப் படுகிறது. இறுதியில் வருவது ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி பாடிப் புகழ்பெற்ற நாட்டார் பாடல். அது அன்றைக்குத் திடீரென்று தோன்றிய தேர்வல்ல: பாடகர் மார்க் லானேகன் 1990இல் வெளியிட்ட ஆல்பத்தில் அதே பாடலுக்குக் கோபேன் கிதார் வாசித்திருந்தார்.

பழைய பாடல்களை மறுபடி விற்கும் வணிக உத்தியே இது என்ற ஆட்சேபம் உண்டு. வணிக நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் பிரபலமான பாட்டை விட்டுவிட்டு, வெகுஜன ரசிகர்கள் அறியாத பாட்டைப் பாடுவதை அந்த நோக்கம் விளக்காது. கோபேனின் கிதார் ஆம்பிளிஃபயரில் இணைக்கப்பட்டிருந்தது, அதை மானிட்டர் போலத் தோன்றும்படி மறைத்திருந்தார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். மின்சாரமின்மை இந்த வடிவத்தின் சாரம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. 1996இல் அதே நிகழ்ச்சியில் ஆலிஸ் இன் செயின்ஸ் முழுக்கத் தன் பாடல்களையே பாடியதால், முன்னோரைப் பாடுவது விதியாகிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது வாய்ப்பு, எல்லாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வலுவான ஆட்சேபம், 1994 ஏப்ரலில் நேர்ந்த கோபேனின் மரணமே ஆல்பத்துக்கு இத்தனை கனத்தைக் கொடுத்தது என்பது. துக்கம் கேட்பவரின் செவியை மாற்றியிருக்கும். பட்டியலை அது மாற்றவில்லை. பாடல்கள் தேர்வானதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் 1993க்குள் நடந்து முடிந்தவை. 1994 நவம்பரில் வந்த ஆல்பம், ஒளிபரப்பில் விடுபட்ட 2 பாடல்களைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று கோபேனுடையது, மற்றொன்று மீட் பப்பெட்ஸின் 'ஓ, மீ'.