ஏரோட்ரோம்: ஒரு திடலின் சொல்வரலாறு

சென்னையில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் மீனம்பாக்கத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பலர் வாயில் இன்றும் வருவது ‘ஏரோட்ரோம்’தான். பிள்ளைகள் ‘ஏர்போர்ட்’ என்பார்கள். பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் ‘விமான நிலையம்’. மூன்று சொல்லும் ஒரே இடத்தைக் குறிப்பதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏரோட்ரோம் என்ற சொல் நம் ஊருக்கு வந்தபோது அது சுட்டிய நிலத்தின் உருவமே வேறு. அந்த நிலம் மறைந்ததும் சொல்லும் வழக்கிலிருந்து நழுவியது. சென்னை ஃப்ளையிங் கிளப் தோன்றிய காலத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இந்த மாற்றம் நன்றாகப் புலப்படும்.

சொல்லின் வேர் கிரேக்கம். முற்பாதி காற்று. பிற்பாதியான ‘ட்ரோமோஸ்’ ஓட்டத்தையும், ஓட்டம் நடக்கும் களத்தையும் குறிக்கும். குதிரை ஓடும் களம் ஹிப்போட்ரோம். ஒற்றைத் திமில் ஒட்டகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ட்ரோமடரி’ என்ற பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். அமெரிக்க அறிவியலாளர் சாமுவேல் லாங்லி ஏரோட்ரோம் என்பதை இடத்துக்கு வைக்கவில்லை. ‘காற்றில் ஓடுவது’ என்ற பொருளில் தாம் செய்த பறக்கும் பொறிக்கே வைத்தார். 1896 மே 6 அன்று பொடோமாக் ஆற்றின்மேல் ஆளில்லாமல், நீராவியால் பறந்தது அவருடைய ஐந்தாம் எண் ஏரோட்ரோம். 1903-இல் ஆளை ஏற்றிய பெரிய ஏரோட்ரோம் அக்டோபரில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் ஆற்றில் விழுந்தது. இரண்டாம் முறை விழுந்த ஒன்பதாம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்.

பிறகு பெயர் பொறியிலிருந்து இறங்கி நிலத்தில் ஒட்டிக்கொண்டது. லண்டனுக்கு அருகே ஹெண்டனில் 1911-இல் கிளாட் கிரகாம்-ஒயிட் அமைத்த களத்துக்கு ‘லண்டன் ஏரோட்ரோம்’ என்றே பெயர். அங்கே வார இறுதியில் விமானப் பந்தயம் நடக்கும். காசு கொடுத்துக் கூட்டம் பார்க்க வரும். பழைய குதிரைக் களத்தின் சாயல் அப்படியே இருந்தது.

சென்னையிலும் பறத்தல் காட்சியாகத்தான் அறிமுகமானது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கோமோ டேஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைக் கட்டுவித்து, 1910-இல் பல்லாவரத்தில் சோதித்துவிட்டுத் தீவுத்திடலில் பறந்து காட்டினார். கூவத்தின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் அந்த நிலத்தின் பெயரில் ‘திடல்’ இருப்பதைக் கவனியுங்கள். வயல்களுக்கு நடுவே நீர் தேங்காமல் மேடாக நிற்கும் நிலம் திடல். தஞ்சைப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் வாழ்கிறது. விமானம் இறங்க என்ன வேண்டுமோ அது அத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது: மேடு, வறட்சி, வெட்டவெளி.

பறக்கும் ஊர்திக்குத் தமிழில் பெயர் எப்போதும் இருந்திருக்கிறது. புறநானூற்றின் 27ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வானூர்தியைப் பேசுகிறார். விமானம் என்றால் கோயில் கருவறைக்கு மேலெழும் கட்டடம், தேவர் ஊரும் ஊர்தி என இரு பொருளும் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறிக்குத் திருகாணி இருக்கிறது. வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். ஆனால் ஊர்தி இறங்கும் இடத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. கதையில் அதற்குத் தேவை வரவில்லை. சூல் நிறைந்த விசயையைச் சுமந்துகொண்டு அந்த மயில் இறங்கியது சுடுகாட்டில். சீவகன் பிறந்ததும் அங்கேதான். இறங்குவதற்கென்று நிலம் ஒதுக்கும் தேவை, எந்திரம் உண்மையில் வந்தபிறகுதான் எழுந்தது.

அந்த எந்திரத்தின் பெயர் மாத். 1925 பிப்ரவரியில் முதலில் பறந்த டி ஹாவிலாண்ட் டிஎச்-60. அதைச் செய்த ஜெஃப்ரி டி ஹாவிலாண்டுக்குப் பூச்சியினங்களில் தீராத ஆர்வம். சிறகை மடக்கிக்கொண்டு நிற்கும் தோற்றத்தால் அந்துப்பூச்சியின் பெயரை வைத்தார். முப்பது அடி விரிந்த சிறகை மடக்கினால் ஏறத்தாழ பத்தடி அகலத்தில் அடங்கிவிடும். கார் நிறுத்தும் கொட்டகை போதும். பிரிட்டனில் அதே ஆண்டு அரசு உதவியோடு கிளப்புகள் தொடங்கின. இந்தியாவில் 1927-இல் சிவில் விமானத் துறை உருவானது. அடுத்தடுத்து டெல்லி, கராச்சி, பம்பாய், கல்கத்தா என்று கிளப்புகள் வந்தன. பம்பாயில் ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் விமானி உரிமத்தைப் பெற்றார். சென்னைக் கிளப் 1929–30-இல் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் தொடங்கியது. ‘கிளப்’ என்ற சொல் அன்றைய தமிழருக்குப் புதிதல்ல. ஊருக்கு ஊர் ‘காபி கிளப்’ இருந்தது. கிளப் என்றாலே இட்லி, காபி கிடைக்கும் கடை என்று பொருள் கொண்டவர்கள் ஏராளம். சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்து, கூட்டாக விமானம் வைத்துக்கொள்ளும் சங்கம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

மாத் பறந்த நிலத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் கதை முழுக்க அந்த நிலத்தில்தான் கிடக்கிறது. விமானத்துக்குப் பிரேக் கிடையாது. வாலில் சக்கரம் கிடையாது. ஒரு கட்டை மட்டும் இருக்கும். இறங்கியதும் அந்தக் கட்டை புல்லையும் மண்ணையும் கீறிக்கொண்டு வந்து வேகத்தைக் குறைக்கும். ஆகவே சிமென்ட் தரையைவிடப் புல்தரையே அதற்கு ஏற்றது. கிளப்பும்போது ஓர் ஆள் முன்னால் நின்று மரத்தாலான புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும். ‘சுவிட்ச் ஆஃப்’ என்று அவர் கேட்பார், உட்கார்ந்திருப்பவர் திருப்பிச் சொல்வார், பிறகு ‘கான்டாக்ட்’. இந்தச் சொல் மாறினால் கை போய்விடும். கற்றுக்கொடுப்பவர் முன்னிருக்கையில், கற்பவர் பின்னிருக்கையில். நடுவே பேச ஒரு ரப்பர் குழாய். தனியே பறக்கும் நாளிலும் மாணவர் பின்னிருக்கையில்தான் உட்காருவார், முன்னிருக்கை வெறுமையாக இருக்கும். 1936-இல் லாகூர் கிளப்பில் சரளா தக்ரால் புடவையோடு ஜிப்சி மாத்தில் ஏறித் தனியே பறந்தபோதும் இதே முறைதான்.

எடை குறைந்த இந்த விமானத்துக்குப் பக்கக்காற்று ஆகாது. காற்றை எதிர்த்து ஏற வேண்டும், காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். வாடை அடித்தால் வடக்கு நோக்கி, தென்றல் வந்தால் தெற்கு நோக்கி, கொண்டலுக்குக் கிழக்கே, கோடைக்கு மேற்கே. நான்கு காற்றுக்கும் இடம் கொடுக்கும்படி நிலம் சதுரமாகவோ வட்டமாகவோ பரந்து கிடந்தாக வேண்டும். கம்பத்தில் ஊதி நிற்கும் துணிப்பையைப் பார்த்து விமானி அன்றைய திசையைத் தேர்ந்துகொள்வார். ஏரோட்ரோம் என்றால் இதுதான்: எந்தப் பக்கமும் ஓடலாம் என்ற களம். ‘ட்ரோமோஸ்’ என்பதன் முழுப் பொருளும் அங்கே உயிரோடு இருந்தது.

சென்னைக் கிளப்பின் திடலுக்குத்தான் 1932 அக்டோபரில் முதல் டாட்டா விமானத் தபால் வந்தது. அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. பம்பாய் வரை கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார். லண்டன் தபால் அப்போது கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே வர ரயில்தான். தபால் வந்ததும் திடலுக்கு வேறொரு முகம் தோன்றியது: அது போய்ச் சேரும் இடமும் ஆயிற்று. மூன்றாண்டில் சென்னைக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ, கடலைத் தாண்டி 1935 நவம்பர் 27 அன்று கொழும்பின் தெற்கே இரத்மலானையில் ஒரு புஸ் மாத்தை இறக்கினார். அந்தக் களத்தில் இறங்கிய முதல் விமானம் அது. சிங்களத்தில் விமான நிலையத்தை ‘குவன் தொட்டுபல’ என்கிறார்கள்: வானத்தின் தோணித்துறை. ஏர்போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் துறைமுகமும் அதுவே. அண்டை மொழிகள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் போயிருக்கின்றன. மலையாளத்துக்கு விமானத்தாவளம், தாவளம் நமக்கும் பழைய சொல், தங்குமிடம். தெலுங்கு விமானாஸ்ரயம் என்று புகலிடமாக்கியது. கன்னடம் நில்தாணம் என்றது. தமிழும் நிலையம் என்றது. ஒவ்வொன்றும் வந்து நிற்பதை, தங்குவதைச் சொல்கிறது. ஓட்டம் எதிலும் இல்லை.

ஓட்டம் எங்கே போயிற்று? இரண்டாம் உலகப் போர் கனமான குண்டுவீச்சு விமானங்களைக் கொண்டுவந்தது. புல்தரை அவற்றைத் தாங்காது. சதுரத் திடலுக்கு நடுவே நீண்ட கெட்டித்தரை போடப்பட்டது. அதற்குத் தமிழ் தந்த பெயர் ஓடுபாதை, ஓடுதளம். கிரேக்க ‘ட்ரோமோஸ்’ தமிழில் கச்சிதமாக வந்தமர்ந்தது இந்தச் சொல்லில்தான், யாரும் திட்டமிடாமலே. ஆனால் களம் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டது. இன்று மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு 07/25 என்று எண். வடக்கிலிருந்து 70 பாகையிலும் 250 பாகையிலும் நோக்கிக் கிடக்கிறது, 3,658 மீட்டர் நீளம். குறுக்கு ஓடுபாதை அடையாற்றைப் பாலத்தின்மேல் கடக்கிறது. நான்கு காற்றுக்கும் திறந்திருந்த நிலம் நான்கு எண்களாயிற்று. பயணிகள் 1954 முதல் மீனம்பாக்கம் பக்கத்து முனையத்தில் ஏறினார்கள். உள்நாட்டு முனையம் 1985-இல் திரிசூலத்துக்கு மாறியது, 1989-இல் பன்னாட்டு முனையமும் அங்கேயே அமைந்தது. ஊர் மாறியும் பேச்சில் மீனம்பாக்கம் மாறவில்லை.

கிளப்புகளுக்கு நேர்ந்த நெருக்கடி இங்கேதான். பயிற்சி விமானம் மணிக்கு அறுபது எழுபது மைல் வேகத்தில் இறங்கும், ஜெட் நூற்றறுபது மைலில். பெரிய ஜெட் போன வழியில் காற்று சுழன்று கிடக்கும். சின்ன விமானம் சில நிமிடம் காத்திருந்தாக வேண்டும். அதற்குள் பின்னால் இன்னொரு ஜெட் வந்துவிடும். உலகம் முழுக்கப் பெரிய நகரங்களில் தாமே தொடங்கிவைத்த களத்தில் கிளப்புகள் இடைஞ்சலாகிப் போனது இப்படித்தான். எனக்கு இது வருத்தம் தரும் செய்தி. தபாலும் பயணியும் வருவதற்கு முன்னால் அந்த மண்ணைச் சமன் செய்து பழக்கியவர்கள் கிளப்புக்காரர்கள்.

தமிழில் இன்று தளம் படைக்குப் போயிற்று: தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம். நிலையம் பயணிக்குப் போயிற்று. கற்றுக்கொள்பவர் ஏறி இறங்கும் நிலத்துக்குத் தனிப்பெயர் இல்லை. செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் உளுந்தூர்பேட்டையிலும் போர்க்கால ஓடுபாதைகள் இன்னும் கிடக்கின்றன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட இன்னொன்றில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. ஏரோட்ரோம் தன் கிரேக்க வேரின்படியே பந்தயக் களமாகத் திரும்பிய இடம் சோழவரம். இந்த ஓடுபாதைகளில் எங்காவது பயிற்சி விமானங்கள் மறுபடி ஏறி இறங்கும் நாள் வந்தால், வாயிற்பலகையில் ‘பறப்புத் திடல்’ என்று எழுதலாம் என்பது என் விருப்பம். டேஞ்சலிஸ் பறந்து காட்டிய நிலத்தின் பெயரில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.